கூச்சம் வளர்க்கும் நோய்கள்

சென்னையில் கிண்டிக்கும் அசோக் நகருக்கும் நடுவே, அடையாற்றை ஒட்டினாற்போல் ஈக்காட்டுத்தாங்கல் என்று ஓர் இடம் இருக்கிறது. 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி என்பது செங்கற்பட்டுச் சீமைக்காரர்களுக்குத் தெரியும். மழைத் தண்ணீரைத் தாங்கி நின்று, மதகு வழியே கழனிகளுக்கு விடுகிற ஏரி. இன்று அங்கே ஏரியையோ கழனியையோ தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான். எங்கு பார்த்தாலும் பட்டறைகளும் காரியாலயங்களும் மாடி வீடுகளுமே கண்ணில் படும். தலைக்கு மேலே 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, போக வழியில்லாத வெள்ளம் அவ்வூர் வீடுகளுக்குள் புகுந்து செய்த அட்டகாசத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நீருக்கு நாம் வழி விடாவிட்டால் அது தனக்குத் தானே வழி செய்துகொள்ளும் என்ற பாடத்தை அன்று கற்றுக்கொண்டோம்.

ஏரிக்கும் ஆற்றுக்கும் பொருந்துகிற இந்த விதி குழந்தையின் உடம்புக்கும் பொருந்தும் என்பதைச் சில மாதங்களுக்கு முன் அதே ஈக்காட்டுத்தாங்கலில் நேரில் கண்டோம்.

நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. மூன்று நாளாக ஜுரம். இருமல் இல்லை, சளி இல்லை. குழந்தை பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பாட்டியம்மாள் தொப்புளில் விளக்கெண்ணெய் தடவி, கால் பெருவிரலில் சுண்ணாம்பும் இட்டிருந்தார்.

"பல்லு முளைக்கிற ஜுரம்தாம்மா. அதோட சூடும் புடிச்சிக்கிச்சு. ஒண்ணுக்குப் போகறப்போ புள்ளை வீல்னு கத்துது பாரு. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும், பயப்படாதே" என்று மருமகளுக்குத் தைரியம் சொன்னார்.

மருமகளுக்குத் தைரியம் வரவில்லை. தெருக் கோடியிலிருந்த குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார். பிறகு, "சிறுநீரைப் பரீக்ஷை செய்ய வேண்டும்" என்றார். வீட்டில் எல்லாருக்கும் வியப்பு. ஜுரம் உடம்பில் இருக்க, சிறுநீரை ஏன் சோதிக்க வேண்டும்?

பரீக்ஷையின் முடிவு வந்தபோது வியப்பு பயமாக மாறியது. குழந்தையின் சிறுநீரில் கிருமிகள் நிறைந்திருந்தன. 'சூடு' என்று பாட்டியம்மாள் சொன்னது வெறும் சூடு அன்று. சிறுநீரகம் வரையில் எட்டிவிட்ட கிருமித் தொற்று அது.

இந்த விஷயத்தைப் பற்றி நம் குடும்பங்களில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. குழந்தைக்குக் காது வலித்தால் ஊரெல்லாம் சொல்வோம். வயிற்றுக்குக் கீழே ஏதாவது என்றால் கூச்சம் வந்து வாயை அடைத்துவிடுகிறது. அந்தக் கூச்சத்தைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, தாய் தந்தையர் அவசியம் அறிய வேண்டியவற்றை இங்கே சொல்ல முற்படுகிறோம்.

ஏரியும் மதகும்

சிறுநீரகங்கள் இரண்டும் இரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரை உண்டாக்குகின்றன. அது இரண்டு மெல்லிய குழாய்களின் வழியே இறங்கி மூத்திரப்பையில் தங்குகிறது. மூத்திரப்பையைத் தாங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து வருகிற குழாய்கள் வரத்துக் கால்வாய்கள். கீழே வெளியேறும் வழி மதகு. வரத்தும் போக்கும் செம்மையாக இருந்தால் ஏரிக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும்.

குழந்தைகளுக்கு வரும் சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ-கோலி என்ற கிருமி. அது குடலில் சாதாரணமாகவே குடியிருப்பது. மலத்தோடு வெளிவந்து, சிறுநீர்த் துவாரத்தின் வழியே மேலே ஏறிவிடுகிறது. பெண் குழந்தைகளுக்கு அந்த வழி மிகவும் குறுகிய தூரமாதலால் அவர்களுக்கே இத்தொல்லை அதிகம். ஆனால் பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளுக்கும் இது கணிசமாக வருகிறது.

பெரிய குழந்தையானால், "எரிகிறது" என்று சொல்லும், அடிக்கடி போகும், அடிவயிறு வலிக்கிறது என்று அழும். கைக்குழந்தை எதைச் சொல்லும்? ஜுரம் ஒன்றுதான் அதன் பாஷை. சில சமயம் வாந்தி, பால் குடியாமை, எடை ஏறாமை. ஆகையால் சளி, இருமல் முதலிய வெளிப்படையான காரணம் ஒன்றும் இல்லாமல் கைக்குழந்தைக்கு ஜுரம் வந்தால், சிறுநீரைப் பரீக்ஷிப்பது மிக மிக அவசியம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஜுரம் என்றால் ஒரு வேளைகூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கே போய்விட வேண்டும்.

பரீக்ஷைக்குச் சிறுநீர் பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. துவாரத்தைச் சுற்றிச் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். கைக்குழந்தைக்கு டாக்டரே மெல்லிய குழாய் விட்டு எடுப்பார். கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். முடிவு வரும் வரையில் டாக்டர் ஒரு மருந்தைத் தொடங்கி, வேண்டுமானால் பிறகு மாற்றுவார். முக்கியமான விஷயம், சிறுநீரைப் பிடித்துக் கொடுத்த பிறகே மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி இரண்டு வேளை கொடுத்துவிட்டுப் பிறகு பரீக்ஷைக்குப் போனால், கிருமி ஒளிந்துகொள்ளும், நோய் ஒளியாது. ஜுரம் நின்றவுடன் மருந்தை நிறுத்துவதும் தவறு. டாக்டர் சொன்ன நாள் கணக்கு முழுவதும் கொடுத்தே தீர வேண்டும்.

இளநீரும் மோரும் பார்லிக் கஞ்சியும் நல்லவையே. வளர்ந்த குழந்தைக்கு நீர் அதிகம் சேரச் சேர எரிச்சல் தணியும். ஆனால் அவை கிருமியைக் கொல்லா. கால் விரலில் இட்ட சுண்ணாம்பு கால் விரலோடு நின்றுவிடும்.

எதிர்த்து ஓடும் நீர்

நமது நண்பரின் குழந்தைக்கு ஜுரம் தணிந்த பிறகு டாக்டர் ஸ்கான் எடுக்கச் சொன்னார். "சொஸ்தமாகிவிட்டதே, இன்னும் என்ன?" என்று வீட்டார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இது.

மூத்திரப்பை சுருங்கும்போது சிறுநீர் கீழே மட்டுமே போக வேண்டும். சில குழந்தைகளுக்கு, குழாய் வந்து சேரும் இடத்திலுள்ள தடுப்புச் சரியாக அமையாததால், சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பி ஓடுகிறது. சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைகளில் சுமார் மூவரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கக்கூடும். அதை ஐந்து படிகளாக வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு படிகள் பெரும்பாலும் குழந்தை வளர வளரத் தாமே நீங்கிவிடும். கடுமையான படிகளுக்கு நீண்ட கால மருந்தும், சிலருக்கு ரணசிகிச்சையும் தேவைப்படும். கவனியாமல் விட்டால், தொற்று வரும் ஒவ்வொரு தடவையும் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். தழும்பு விழுந்த சிறுநீரகம் பிற்காலத்தில் இரத்தக் கொதிப்புக்கும், மிக மோசமான நிலையில் சிறுநீரகம் செயலற்றுப் போவதற்கும் காரணமாகும். மூன்று நாள் ஜுரத்தை அசட்டை செய்ததன் விலையை முப்பதாவது வயதில் கொடுக்க நேர்ந்தால், அது கொடுமை அல்லவா?

ஆண் சிசுக்களில் சிலருக்கு மதகிலேயே தடை இருப்பதுண்டு. சிறுநீர் வெளியேறும் குழாயின் உள்ளே மெல்லிய சவ்வுகள் குறுக்கே நிற்கும். அமெரிக்க வைத்தியரான ஹியூ ஹாம்ப்டன் யங் 1919-ஆம் ஆண்டிலேயே இவற்றை வகைப்படுத்தி விவரித்தார். ஆண் குழந்தை சிறுநீர் கழிக்கும்போது தாரை விசையாக வருகிறதா, அல்லது சொட்டுச் சொட்டாக முக்கி முனகி வருகிறதா என்பதைத் தாய் கவனிக்க வேண்டும். சொட்டுகிறதென்றால் உடனே காட்ட வேண்டும். மெல்லிய கருவியை உள்ளே செலுத்தி அந்தச் சவ்வை நீக்கிவிடலாம். இன்று கர்ப்பத்திலிருக்கும்போதே ஸ்கானில் சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிந்தவற்றில் பல தாமே சரியாகிவிடும். எனினும் பிறந்த பிறகு மறுபடி ஸ்கான் எடுத்துப் பார்க்கத் தவறக் கூடாது.

இன்னும் இரண்டு அறிகுறிகள். காலையில் எழுந்தவுடன் குழந்தையின் இமைகள் வீங்கியிருந்து, சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனால், சிறுநீரகம் புரதத்தை ஒழுக விடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். தொண்டை வலியோ சிரங்கோ வந்துபோன சில வாரங்களில் சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் இறங்கினால், அதுவும் சிறுநீரகத்தின் அழற்சியாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே டாக்டரைப் பார்ப்பது நலம்.

ஆண் குழந்தைகளின் விஷயம்

நம் வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டும் ஆயாமார் சிலர், ஆண் குழந்தையின் முன்தோலைத் தினந்தோறும் எண்ணெய் விட்டுப் பின்னுக்கு இழுப்பார்கள். "இப்போதே பழக்காவிட்டால் பின்னால் கஷ்டம்" என்பது அவர்கள் சாஸ்திரம். இது வேண்டாத வேலை. பிறக்கும்போது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் முன்தோல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் வைத்தியர் 1949-ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து எழுதினார். பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேருக்கே தோல் முழுதும் பின்வாங்குகிறது என்று அவர் கண்டார். மற்றவர்களுக்கு வயது ஏற ஏறத் தானே பிரிந்துவிடும். பலருக்குப் பத்து வயதைத் தாண்டியும் ஆகலாம். பலவந்தமாக இழுத்தால் புண்ணாகி, ஆறும்போது தழும்பு விழுந்து, இல்லாத நோயை நாமே உண்டாக்கிவிடுவோம்.

சிறுநீர் கழிக்கும்போது வலி, அடிக்கடி சீழ், வெள்ளையாகத் தழும்பு விழுந்து இறுகிய தோல் - இவை இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்டர் தரும் ஸ்டிராய்டு களிம்பைச் சில வாரம் தடவினால் பெரும்பாலோருக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை. பின்னுக்குப் போன தோல் முன்னுக்கு வராமல் இறுகி வீங்கிவிட்டால் மட்டும் அது அவசரம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அடுத்தது, விரைகள். நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் 100-க்கு சுமார் 3 பேருக்கு ஒரு விரையோ இரண்டுமோ பைக்குள் இறங்காமல் வயிற்றிலோ தொடை இடுக்கிலோ தங்கிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு இது இன்னும் அதிகம். பல முதல் சில மாதங்களில் தாமே இறங்கும். ஆறு மாதம் ஆகியும் இறங்காதது பிறகு இறங்குவது அரிது. அப்போது ரணசிகிச்சை வைத்தியரைப் பார்த்து, ஒரு வயதுக்குள், அதிகம் போனால் ஒன்றரை வயதுக்குள் சிகிச்சையை முடித்துவிடுவது உத்தமம். "பெரியவனானால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போட்டால், பிற்காலத்தில் சந்தான பாக்கியம் குறையக்கூடும். அந்த விரையில் புற்றுநோய் தோன்றும் அபாயமும் கூடும். வெந்நீரில் குளிப்பாட்டும்போது மெதுவாகத் தொட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. குளிருக்கு மேலே ஏறி, வெந்நீரில் கீழே இறங்கி நிற்கிற விரையாயின் பெரும்பாலும் கவலையில்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டி வருவது நல்லது.

விரைப்பை வீக்கத்தில் இரண்டு வகை உண்டு. நீர் கோத்துக்கொள்வது ஒன்று. அதனால் வலி இல்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதுக்குள் வற்றிவிடும். மற்றொன்று குடலிறக்கம். குழந்தை அழும்போதும் முக்கும்போதும் தொடை இடுக்கில் புடைத்து, தூங்கும்போது மறைகிறதென்றால் அது குடலிறக்கம். இது தானாக ஆறாது. அதிகம் தாமதியாமல் ரணசிகிச்சை செய்துவிட வேண்டும். புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, குழந்தை ஓயாமல் அழுது வாந்தி எடுத்தால், குடல் சிக்கிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது நாழிகைக் கணக்கில் உயிர் ஊசலாடும். காசைத் துணியில் வைத்து அழுத்திக் கட்டுவதெல்லாம் வீண்.

சுமார் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் அமைந்திருக்கும். இதுவும் ரணசிகிச்சையால் செம்மைப்படுத்தக் கூடியதே. ஒன்றரை வயதுக்குள் செய்வது வழக்கம். அதற்கு முன்தோல் பயன்படுமாதலால், சுன்னத்துச் செய்யும் குடும்பத்தார் இப்படிப்பட்ட குழந்தைக்கு ரணசிகிச்சை வைத்தியரைக் கேட்காமல் சுன்னத்துச் செய்யக் கூடாது.

ஆறு மணி நேரம்

நமக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் சொன்ன சம்பவம் இது. எட்டாம் வகுப்புப் பையன். விடியற்காலையில் திடீரென்று வலி. வலித்த இடத்தைச் சொல்ல வெட்கம். தாயிடம், "வயிறு வலிக்குது அம்மா" என்றான். அவள் ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்தான். மறுநாள் நடக்க முடியாமற் போன பிறகுதான் தகப்பனாரிடம் உண்மையைச் சொன்னான். விரை தன்னைத் தாங்கும் நரம்புக் கயிற்றின்மேல் முறுக்கிக்கொண்டு, இரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. மற்றொன்று பத்திரமாக இருக்கிறது. பையனும் நன்றாக இருக்கிறான். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் வந்திருந்தால், முறுக்கை அவிழ்த்துப் பெரும்பாலும் இரண்டையுமே காப்பாற்றியிருக்கலாம். அந்தப் பையன் இழந்ததற்குக் காரணம் நோய் பாதி, வெட்கம் பாதி.

ஆகையால் பிள்ளையைப் பெற்றவர்கள், பத்து வயது ஆனவுடன் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அங்கே வலித்தால் பாதி ராத்திரியானாலும் எங்களை எழுப்பு, வெட்கப்படாதே." தகப்பனார் சொல்வது இன்னும் உசிதம். பையன் வயிற்று வலி என்று சொன்னாலும், எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெண் குழந்தைகளின் விஷயம்

மூன்று மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பெண் குழந்தைகள் சிலருக்குப் பெண்குறியின் உள் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. பார்த்தவுடன், "துவாரமே இல்லையே!" என்று தாய்மார் அலறிவிடுவார்கள். அலற வேண்டியதில்லை. சிறுநீர் தடையில்லாமல் போகிறதென்றால் அநேகமாக ஒன்றும் செய்ய வேண்டாம். வளரும்போது தானே விலகும். தேவைப்பட்டால் டாக்டர் ஒரு களிம்பு தருவார். விரலால் பிரிக்கக் கூடாது.

அரிப்பும் சிவப்பும் சிறு பெண்களுக்குச் சகஜம். வாசனைச் சோப்பு, ஈர உள்ளாடை, இறுக்கமான நைலான் துணி, சுத்தக் குறைவு, இவையே பெரும்பாலும் காரணம். ராத்திரியில் அரிப்பு அதிகமென்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம்; பூச்சி மருந்தில் தீரும். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள். பருத்தி உள்ளாடை போதும். சோப்பு வேண்டாம், தண்ணீர் போதும்.

துர்நாற்றத்துடன் கசிவோ, இரத்தமோ, காயமோ கண்டால் தாமதிக்கக் கூடாது. குழந்தை விளையாட்டாக ஏதாவது பொருளைப் போட்டுக்கொண்டிருக்கலாம். யாராவது குழந்தைக்குத் தீங்கு செய்திருக்கவும் கூடும். அப்படி நினைக்கவே மனம் கூசுகிறதுதான். ஆனால் குழந்தை ஒன்று சொன்னால், "சீ, அப்படியெல்லாம் சொல்லாதே" என்று அடக்காமல் நம்பிக் கேளுங்கள். ஆண், பெண் எந்தக் குழந்தையானாலும் 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் அதற்குத் துணையாக இருக்கிறது. 1098 என்ற எண்ணில் டெலிபோன் செய்தாலும் உதவி கிடைக்கும்.

படுக்கையும் பள்ளிக்கூடமும்

ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகள் படுக்கையை நனைக்கின்றன. வருஷந்தோறும் அவர்களில் கொஞ்சம் பேர் தாமே நிறுத்திவிடுகிறார்கள். இது குழந்தையின் கொழுப்பும் அன்று, சோம்பலும் அன்று. ஆழ்ந்த தூக்கத்தில் மூத்திரப்பை நிறைந்தது அதற்குத் தெரிவதில்லை. அடிப்பதாலும், விருந்தினர் முன் கேலி செய்வதாலும் தீராது. மாலைக்கு மேல் தண்ணீரைக் குறைத்து, படுக்குமுன் கழிக்கச் செய்து, மலச்சிக்கல் இருந்தால் அதைச் சரிப்படுத்த வேண்டும். ஏழு வயதுக்கு மேலும் நீடித்தால், நனைந்தவுடன் மணியடித்து எழுப்பும் கருவியும், மாத்திரையும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்து மறுபடி தொடங்கினால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். தொற்றோ, நீரிழிவோ, மனத்தில் ஏதாவது வேதனையோ இருக்கலாம்.

பகலில் நடப்பது இன்னும் மோசம். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் அசுத்தமாயிருக்கிறதென்று எத்தனையோ பெண்கள் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை. சென்னையின் சித்திரை வெயிலில் இது எத்தகைய தவம்! தாங்கலில் நீர் வற்றினாலும் கேடு. அடைத்து வைத்தாலும் கேடு. 2019-ஆம் ஆண்டில் கேரளத்துப் பள்ளிகளில், பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணியடிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ஆனால் குடித்த தண்ணீரைக் கழிக்கச் சுத்தமான இடமும், தாழ்ப்பாள் உள்ள கதவும், குழாயில் தண்ணீரும் இல்லாவிட்டால் அந்த மணியோசை வெறும் ஓசைதான். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்பவர்கள், ஒரு தடவை கக்கூஸையும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வைத்தியம் தூரத்தில் இல்லை

இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். எழும்பூரிலுள்ள அரசாங்கக் குழந்தைகள் நல ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்றே ரணசிகிச்சை வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ரயில் ஏறினால் வண்டி மாறாமலே எழும்பூரில் இறங்கலாம். இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான். நம் மனத்திலுள்ள கூச்சமே அதைவிடப் பெரிய தூரம்.

நமது நண்பரின் குழந்தைக்கு ஸ்கானிலும் பிறகு நடந்த பரீக்ஷையிலும், நீர் திரும்பி ஓடும் கோளாறு இரண்டாம் படியில் இருப்பதாகத் தெரிந்தது. தானே நீங்கும் என்றும், ஜுரம் வந்தால் மட்டும் அன்றே சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். போன மாதம் அங்கே போயிருந்தோம். குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்தது. அடுத்த வீட்டுப் பெண் தன் குழந்தைக்கு ஜுரம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பாட்டியம்மாள் சுண்ணாம்பை எடுக்கவில்லை.

"சளி இருக்குதா? இல்லையா? அப்போ மொதல்ல ஒண்ணுக்கை டெஸ்டு பண்ணும்மா. இதுல என்ன வெட்கம்?" என்றார்.

நாம் இவ்வளவு பத்திகளில் சொன்னதைப் பாட்டியம்மாள் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.